நுண்கட்டமைப்புள்ள மீள்பொருள்களின் அளவு விளைவைக் கணினியில் கணிப்பது எப்படி

யங் குணகம், பாய்சொய் விகிதம் ஆகிய இரண்டைக் கொண்டு பொருளை விவரிக்கும் வழக்கமான மீட்சியியலில் நீளத்தின் அலகு கொண்ட மாறிலி எதுவும் கிடையாது. ஆகவே ஒரே வடிவ விகிதமுள்ள பெரிய உத்திரமும் சிறிய உத்திரமும் அளவீட்டில் ஒரே யங் குணகத்தைத்தான் காட்ட வேண்டும். நுரை, தேன்கூட்டுத் தகடு, முப்பரிமாண அச்சில் செய்த பின்னல் சட்டகம், எலும்பு போன்ற பொருள்கள் இந்த எதிர்பார்ப்புக்குக் கட்டுப்படுவதில்லை. தடிமன் சில அறைகளின் அளவுக்கு இறங்கும்போது அவற்றின் விறைப்பு வழக்கமான கணக்கிலிருந்து விலகத் தொடங்குகிறது. இந்த விலகலையே அளவு விளைவு என்கிறோம்.

இதை விளக்கும் கோட்பாடுகளுக்குப் பஞ்சமில்லை. கோசரா சகோதரர்கள் 1909இல், பொருளின் ஒவ்வொரு புள்ளியும் இடம்பெயர்வதோடு தனியாகச் சுழலவும் கூடும் என்ற கருத்தை முன்வைத்தனர். 1960களில் டூபின், மிண்ட்லின், கோய்ட்டர், எரிங்கன் ஆகியோர் அதை இரட்டைத் தகைவு, திரிபுச் சரிவு, மைக்ரோபோலார், மைக்ரோமார்ஃபிக் எனப் பல கிளைகளாக வளர்த்தனர்: முதலாவதில் புள்ளிகள் வழியே திருப்புத்திறனும் கடத்தப்படுகிறது, இரண்டாவதில் திரிபு இடத்துக்கு இடம் மாறும் வீதமும் ஆற்றலில் சேர்கிறது, மூன்றாவதில் புள்ளிக்குத் தனிச் சுழற்சி உண்டு, நான்காவதில் தனி உருமாற்றமும் உண்டு. இவை அனைத்திலும் உள்நீளம் என்ற, நீளத்தின் அலகு கொண்ட ஒரு மாறிலி வந்து சேர்கிறது. பலரும் இங்கேதான் வழி தவறுகிறார்கள் என்பது என் கருத்து: ஏதோ ஒரு கோட்பாட்டை எடுத்துக்கொண்டு, கிடைத்த வளைகோட்டுக்குப் பொருந்தும் வரை உள்நீளத்தைத் திருகிப் பார்க்கிறார்கள். பார்த்த விலகல் பொருளின் உள்ளிருந்து வருகிறதா, மேற்பரப்பை வெட்டிய இடத்திலிருந்து வருகிறதா என்ற கேள்விக்கு விடை காணும் முன் உள்நீளத்தைத் தேடுவதில் பயனில்லை. இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

கணினியைத் திறக்கும் முன் ஒரு கைக்கணக்கு

விறைப்பான படலமும் மென்மையான படலமும் மாறி மாறி ஒட்டப்பட்ட ஓர் அடுக்கு உத்திரத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டும் சம பங்கு; விறைப்பானதன் யங் குணகம் 9, மென்மையானதன் யங் குணகம் 1, ஆகவே சராசரி 5. ஓர் அலகுக்கூட்டின் (திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய துண்டின்) தடிமனில் மேலே கால் பங்கும் கீழே கால் பங்கும் விறைப்பான படலம், நடுவில் அரைப் பங்கு மென்மையான படலம் என்று வைத்துக்கொண்டு, இத்தகைய கூடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைத்தால், உண்மையான வளைவு விறைப்புக்கும் சராசரிக் குணகத்தைக் கொண்டு கணித்த விறைப்புக்கும் உள்ள விகிதம் மிக எளிய வடிவத்தில் கிடைக்கிறது: 1 + 0.6 ÷ (கூடுகளின் எண்ணிக்கை)². ஒரு கூடு மட்டும் இருந்தால் 1.6, இரண்டு கூடுகளுக்கு 1.15, நான்குக்கு 1.0375, பத்துக்கு 1.006. சிறியது விறைப்பாகிறது.

இப்போது அதே பொருளில் வெட்டும் இடத்தை அரைக்கூடு அளவுக்கு நகர்த்துவோம். மென்மையான படலம் வெளியே வருகிறது, விறைப்பானது உள்ளே போகிறது. விகிதம் 1 − 0.6 ÷ (கூடுகளின் எண்ணிக்கை)² ஆகிவிடுகிறது; ஒரு கூட்டுக்கு 0.4, இரண்டுக்கு 0.85. பொருள் மாறவில்லை, கூடு மாறவில்லை. ஆனால் சிறியது இப்போது மென்மையாகிறது.

பாய்சொய் விகிதம் பூச்சியமான பொருளுக்கு, திருத்திய இரட்டைத் தகைவுக் கோட்பாடு இதே விகிதத்தை 1 + 6 × (உள்நீளம் ÷ தடிமன்)² என்று தருகிறது. முதல் வெட்டுக்கு இதைப் பொருத்தினால் உள்நீளத்தின் வர்க்கம் கூட்டுத் தடிமனின் வர்க்கத்தில் 0.1 பங்கு, உள்நீளம் கூட்டுத் தடிமனில் 0.316 பங்கு. மிக அழகாகப் பொருந்துகிறது, கட்டுரையாகவும் எழுதிவிடலாம். இரண்டாவது வெட்டுக்குப் பொருத்தினால் உள்நீளத்தின் வர்க்கம் −0.1. எதிர்மறை வர்க்கம் என்றால் உள்நீளம் கற்பனை எண். சேமிக்கப்படும் ஆற்றல் நேர்மறையாக இருக்கும் உத்தரவாதம் போய்விடுகிறது. முடிவுறு உறுப்பு முறையில் (பொருளைச் சிறு எலிமென்ட்டுகளின் வலையாக, அதாவது மெஷ்ஷாகப் பிரித்துத் தீர்க்கும் முறையில்) விறைப்பு அணி எதிர்மறை ஐகன் மதிப்புகளைக் காட்டத் தொடங்கும், மெஷ்ஷை நுணுக்கமாக்க நுணுக்கமாக்க விடை மேலும் கெடும்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். வெட்டும் இடத்தை ஒரு கூட்டின் நீளம் முழுவதும் சீராக நகர்த்திக் கிடைக்கும் எல்லா உத்திரங்களின் வளைவு விறைப்பையும், நடுநிலை அச்சு உத்திரத்தின் நடு உயரத்திலேயே நிற்பதாக வைத்துக் கணித்து, சராசரி எடுத்தால், அடுக்கின் ஒவ்வொரு உயரத்திலும் சராசரி யங் குணகம் 5 என்றாகிவிடுவதால், விகிதம் எந்த எண்ணிக்கைக்கும் துல்லியமாக 1 ஆகிறது. அதாவது இந்த அடுக்குப் பொருளின் வளைவில் தெரிந்த அளவு விளைவு முழுவதும் வெட்டிலிருந்து வந்தது. உள்ளிருந்து வந்த பங்கு பூச்சியம். தேன்கூடு, நுரை ஆகியவற்றில் நிலைமை வேறு. அங்கே கம்பிகள் தாமே வளைவதால் கணுக்கள் வழியாகத் திருப்புத்திறன் உண்மையிலேயே கடத்தப்படுகிறது, ஆகவே சராசரி எடுத்த பிறகும் ஒரு பங்கு மிஞ்சும். அந்த மிச்சத்துக்குத்தான் உள்நீளம் என்ற பெயர் பொருந்தும்.

சோதனைச்சாலையிலும் இதே சிக்கல் உண்டு. மூடிய அறைகள் கொண்ட பாலிமெதாக்ரிலிமைடு நுரையை ஆராய்ந்து ஆண்டர்சனும் லேக்சும் 1994இல் வெளியிட்ட ஆய்வு, வெட்டும்போது மேற்பரப்பு அறைகள் சேதமடைவது விறைப்பைக் குறைத்து, கோசரா விளைவுக்கு எதிர்த்திசையில் வேலை செய்வதைக் காட்டியது.

நுண்கட்டமைப்பை முழுமையாகத் தீட்டிய மாதிரி

முதல் கணினி வேலை, எந்தப் புதிய கோட்பாடும் இல்லாமல், ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு துளையையும் வரைந்து வழக்கமான மீட்சியியலில் தீர்ப்பது. இதை முழு மாதிரி என்று அழைப்போம். தடிமனில் 1, 2, 3, 4, 6, 8, 12 கூடுகள் என்று ஓர் வரிசை போதும். உத்திரம் முழுவதையும் வரைய வேண்டியதில்லை என்பது பலருக்கும் தெரியாமல் போகிறது. நீளவாக்கில் கட்டமைப்பு சீராகத் திரும்பத் திரும்ப வருமானால், தூய வளைவுக்கு ஒரே ஒரு நெடுவரிசைக் கூடுகள் போதும். இடமுகத்தில் உள்ள ஒவ்வொரு கணுவையும் வலமுகத்தில் அதே உயரத்தில் உள்ள கணுவோடு இணைத்து, நீளவாக்கு இடப்பெயர்ச்சிகளின் வேறுபாடு, வளைவு (வளைவு ஆரத்தின் தலைகீழ்) × நெடுவரிசையின் நீளம் × உயரம் என்ற பெருக்கலின் எதிர்மறையும் ஒரு பொது நீட்சியும் சேர்ந்த தொகைக்குச் சமம் என்றும், குறுக்குவாக்கு இடப்பெயர்ச்சிகள் சமம் என்றும் கட்டுப்படுத்துங்கள். அந்தப் பொது நீட்சியைத் தெரியாத எண்ணாகச் சுதந்திரமாக விட வேண்டும். அதைப் பூச்சியம் என்று நிறுத்திவிட்டால், கூடு மேல்கீழ் சமச்சீராக இல்லாதபோது நடுநிலை அச்சு தவறான இடத்தில் நிற்கும். விறைப்பு கூடுதலாகத் தெரியும். அந்தப் பிழையும் கூடுகளின் எண்ணிக்கையோடு மாறுவதால் அளவு விளைவைப் போலவே நடிக்கும். தீர்த்த பின், சேமித்த ஆற்றலை இரட்டித்து, வளைவின் வர்க்கத்தாலும் நீளத்தாலும் வகுத்தால் வளைவு விறைப்பு கிடைக்கிறது. முனைப்பிடிப்புகள் இல்லை, சறுக்குத் தொய்வு இல்லை. ஒரு மடிக்கணினியில் சில நிமிட வேலை.

மெஷ் பற்றி ஒரு கண்டிப்பு வேண்டும். மேலே உள்ள அடுக்கு உத்திரத்தில் ஆறு கூடுகளுக்கு அளவு விளைவு 1.7 சதவீதம் மட்டுமே. உங்கள் மெஷ் தரும் பிழை 2 சதவீதம் என்றால் நீங்கள் அளப்பது எதை என்பது உங்களுக்கே தெரியாது. தேடும் விளைவில் பத்தில் ஒரு பங்குக்குள் மெஷ் பிழை அடங்க வேண்டும். இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு: எல்லா எண்ணிக்கைக்கும் ஒரே கூட்டு மெஷ்ஷை நகலெடுத்துப் பயன்படுத்துங்கள், ஒப்பிடும் சராசரிக் குணகத்தையும் அதே மெஷ்ஷில், எதிரெதிர் முகங்கள் ஒன்றுபோல் உருமாற வேண்டும் என்ற சுழற்சி எல்லை நிபந்தனை இட்ட ஒற்றைக் கூட்டிலிருந்து கணியுங்கள். விகிதம் எடுக்கும்போது பிழையின் பெரும்பகுதி தானாகவே நீங்கிவிடும். கம்பிகளைத் திட எலிமென்ட்டுகளாக வரைந்தால், கம்பியின் தடிமனுக்குக் குறுக்கே குறைந்தது மூன்று இருபடி எலிமென்ட்டுகள் இருக்கட்டும். மெல்லிய கம்பிகளுக்கு டிமோஷென்கோ உத்திர எலிமென்ட் போதுமானது. ஆனால் கம்பிகள் கூடும் சந்திப்பின் பருமனை அது காண்பதில்லை, ஆகவே ஒரு கூட்டுக்காவது திட மாதிரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் வெட்டும் இடத்தை மாற்றிக் குறைந்தது எட்டு நிலைகளில் கணிக்க வேண்டும். வெட்டினால் தனித்துத் தொங்கும் கம்பித்துண்டுகளை நீக்குவதா வைத்திருப்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்து, முழு ஆய்விலும் அதையே கடைப்பிடியுங்கள்.

கிடைத்த எண்களை வரையும் விதம்

வளைவு விறைப்பைக் குறுக்குவெட்டின் பரப்பால் வகுத்து, அதைத் தடிமனின் வர்க்கத்துக்கு எதிராக வரையுங்கள். வழக்கமான மீட்சியியல் சரியென்றால் ஆதிப்புள்ளி வழியாகச் செல்லும் நேர்கோடு கிடைக்கும். இரட்டைத் தகைவுக் கோட்பாடு சரியென்றால் அதே சாய்வில் மேலே நகர்ந்த நேர்கோடு கிடைக்கும். அதன் வெட்டுத்துண்டு, சறுக்குப்பெயர்ச்சிக் குணகத்தை உள்நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கியதற்குச் சமம். வெட்டுத்துண்டு கீழே இறங்கினால் மேற்பரப்பு ஆதிக்கம் செலுத்துகிறது. ரோடரிக் லேக்ஸ் எலும்பிலும் நுரையிலும் செய்த அளவீடுகளில் பயன்படுத்திய வரைபடமும் இந்த வகையைச் சேர்ந்ததே. விகிதத்தை நேரடியாக வரைவதைவிட இது மேலானது, ஏனெனில் ஒரு கூட்டு உத்திரத்தின் பெரிய விலகல் கண்ணை இழுத்துவிடாமல் முழு வரிசையும் ஒரே கோட்டில் பேசுகிறது.

எட்டு வெட்டு நிலைகளுக்கும் எட்டுக் கோடுகள் வரும். அவற்றின் சராசரி வெட்டுத்துண்டு பொருளின் உள்ளிருந்து வரும் பங்கு. அவற்றின் சிதறல் மேற்பரப்பின் பங்கு. சராசரி ஏறக்குறையப் பூச்சியமாகவும் சிதறல் பெரிதாகவும் இருந்தால் இங்கேயே நிறுத்திவிடலாம்: வழக்கமான மீட்சியியலோடு, வேறு குணகம் கொண்ட ஒரு மெல்லிய தோலை மேற்பரப்பில் வைத்து மாதிரி அமைப்பதே நேர்மையான தீர்வு. சராசரி தெளிவாக நேர்மறை என்றால் மேலே செல்லலாம்.

எந்தக் கோட்பாடு

தேர்வை நீட்ட விரும்பவில்லை. கணுக்கள் சுழன்று கம்பிகள் வளையும் கட்டமைப்புகளுக்கு மைக்ரோபோலார் கோட்பாட்டிலிருந்து தொடங்குங்கள். அது இடப்பெயர்ச்சியோடு சுழற்சியைத் தனி மாறியாகச் சேர்ப்பதால், இருபரிமாணத்தில் கணுவுக்கு 3 மாறிகள், முப்பரிமாணத்தில் 6 மாறிகள், சாதாரணத் தொடர்ச்சியுள்ள எலிமென்ட்டுகளே போதும். கம்பிகள் சுழற்சிக்கு ஈடுகொடுக்காமல் நீட்சி மட்டும் மாறிச் செல்லும் கட்டமைப்புகளுக்கும், பாண்டோகிராஃப் (கீல்களால் இணைந்த கத்தரி வடிவச் சட்டகம்) போன்ற பின்னல்களுக்கும், திரிபுச் சரிவுக் கோட்பாடு பொருத்தம். ஆனால் அதில் தடிமன் பூச்சியத்தை நெருங்கும்போது விறைப்பு எல்லையின்றி ஏறும். ஒற்றைக் கூட்டின் விறைப்பு முடிவுள்ளது என்பதால், ஒன்றிரண்டு கூடுகள் வரை கணிக்க வேண்டியிருந்தால், 2014இல் நெஃப்பும் அவரோடு சேர்ந்தவர்களும் முன்வைத்த தளர்த்திய மைக்ரோமார்ஃபிக் மாதிரி நல்ல தேர்வு. அதில் விறைப்பு ஒரு மேல்வரம்பை நோக்கிச் செல்கிறது.

ஒருபரிமாண ஒத்திகை

இருபரிமாண நிரலை எழுதும் முன் ஒரு சறுக்குப் படலத்தை ஒருபரிமாணத்தில் தீர்த்துப் பாருங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேராகப் பெரிய நிரலுக்குச் சென்றவர்கள், நான் உட்பட, பிறகு பிழையைத் தேடிப் பல வாரங்களைச் செலவிட்டிருக்கிறோம்.

கீழ்முகம் நிலையாக, மேல்முகம் பக்கவாட்டில் இழுக்கப்படும் ஒரு படலம். ஆற்றலில் சறுக்குத் திரிபின் வர்க்கத்தோடு, அதன் உயரவாக்கு வகைக்கெழுவின் வர்க்கமும் உள்நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கப்பட்டுச் சேர்கிறது. இரு முகங்களிலும் பொருள் கெட்டியான தகட்டோடு ஒட்டப்பட்டுள்ளதால் திரிபு அங்கே பூச்சியம் என்று வைத்தால், தோற்ற விறைப்புக்கும் வழக்கமான விறைப்புக்கும் உள்ள விகிதத்தை இப்படிக் கணிக்கலாம்: உள்நீளத்தை இரட்டித்து உயரத்தால் வகுங்கள், அதை, உயரத்தை உள்நீளத்தின் இரு மடங்கால் வகுத்த எண்ணின் அதிபரவளைய டேன்ஜென்ட்டால் பெருக்குங்கள், கிடைத்ததை 1இலிருந்து கழித்துத் தலைகீழாக்குங்கள். உயரம் உள்நீளத்தைப் போல் 100 மடங்கானால் 1.020, 10 மடங்கானால் 1.250, 4 மடங்கானால் 1.931, 2 மடங்கானால் 4.195. உங்கள் நிரல் இந்த நான்கு எண்களையும் தர வேண்டும்.

இப்போது முகங்களில் திரிபைப் பூச்சியமாக்காமல் சுதந்திரமாக விட்டுப் பாருங்கள். திரிபு எங்கும் ஒரே அளவாகிறது, சரிவு மறைகிறது, விகிதம் எல்லா உயரத்துக்கும் 1. அதே பொருள், அதே உள்நீளம், அளவு விளைவு இல்லை. எல்லை நிபந்தனையின் ஒரு வரி முழு விளைவையும் வரவைக்கிறது அல்லது மறையவைக்கிறது என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: பெரிய உயரங்களுக்கு இந்த விகிதம் 1ஐ நெருங்கும் வேகம் உயரத்தின் தலைகீழைப் பின்பற்றுகிறது; வளைவில் அது உயரத்தின் வர்க்கத்தின் தலைகீழைப் பின்பற்றியது. முழு மாதிரியில் கிடைத்த விலகலை இருமடக்கை வரைபடத்தில் போட்டுச் சாய்வு −1ஆ −2ஆ என்று பார்த்தால், விளைவு பிடிப்பருகே உள்ள எல்லைப் படலத்திலிருந்து வருகிறதா, வளைவிலிருந்து வருகிறதா என்பது தெரிந்துவிடும்.

ஆற்றலில் இரண்டாம் வகைக்கெழு இருப்பதால், எலிமென்ட் எல்லையில் இடப்பெயர்ச்சி மட்டுமன்றி அதன் சாய்வும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஒருபரிமாணத்தில் முப்படி ஹெர்மைட் எலிமென்ட் இதை எளிதாகத் தருகிறது: கணுவுக்கு இடப்பெயர்ச்சியும் சாய்வும். எலிமென்ட் நீளத்தைப் பாதியாக்கும்போது ஆற்றலின் பிழை ஏறத்தாழ 16 மடங்கு குறைய வேண்டும். 4 மடங்குதான் குறைகிறதென்றால் எங்கோ தவறு இருக்கிறது. சாதாரண நேரியல் எலிமென்ட்டை இட்டால் எலிமென்ட்டுக்குள் இரண்டாம் வகைக்கெழு பூச்சியம். நிரல் எந்த எச்சரிக்கையும் இன்றி வழக்கமான விடையைத் தந்துவிடும். சாதாரண இருபடி எலிமென்ட் இன்னும் ஆபத்தானது: ஏதோ ஓர் அளவு விளைவைக் காட்டும், ஆனால் கணுக்களில் சாய்வு முறிவதற்கான ஆற்றலைக் கணக்கில் எடுக்காததால் அந்த எண் தவறு.

இருபரிமாணத்துக்குச் செல்லுதல்

செவ்வக வடிவங்களுக்கு போக்னர், ஃபாக்ஸ், ஷ்மிட் ஆகியோரின் எலிமென்ட்டே எனக்குப் பிடித்தது. நான்கு மூலைகளில் மதிப்பு, இரு சாய்வுகள், ஒரு கலப்பு வகைக்கெழு என ஓர் இடப்பெயர்ச்சிக் கூறுக்கு 16 மாறிகள், இரு கூறுகளுக்கும் சேர்த்து 32. தொகையீட்டுக்கு 4 × 4 காஸ் புள்ளிகள். நிரல் எழுதுவது எளிது, விடை நம்பகமானது, ஆனால் பக்கங்கள் அச்சுகளுக்கு இணையாக இருக்க வேண்டும். முக்கோண மெஷ் தேவையென்றால் ஐந்தாம்படி ஆர்கிரிஸ் எலிமென்ட் உண்டு. ஒரு கூறுக்கு 21 மாறிகள். வளைந்த வடிவங்களுக்கு, ஹியூசும் அவருடன் பணியாற்றியவர்களும் 2005இல் அறிமுகப்படுத்திய ஐசோஜியோமெட்ரிக் முறை இயல்பாகப் பொருந்துகிறது: இருபடி பி-ஸ்ப்லைன் சார்புகளே சாய்வுத் தொடர்ச்சியைத் தந்துவிடும். ஒரே துண்டால் வரைய முடியாத வடிவத்தைப் பல துண்டுகளாக இணைக்கும்போது அந்த இணைப்புக் கோட்டில் சாய்வுத் தொடர்ச்சி போய்விடுகிறது என்பதை மறக்கக் கூடாது. அதைத் தனிக் கட்டுப்பாடாகச் சேர்க்க வேண்டும்.

கையில் உள்ள மென்பொருளில் சாதாரண எலிமென்ட்டுகள் மட்டுமே உண்டு என்றால், கலப்பு முறைதான் வழி. இடப்பெயர்ச்சியின் சாய்வைத் தனி மாறியாக அறிவித்து, அது உண்மையான சாய்வுக்குச் சமம் என்பதை லக்ராஞ்ச் பெருக்கியால் (கட்டுப்பாட்டைச் சமன்பாட்டில் சேர்க்கும் கூடுதல் மாறியால்) விதிக்கலாம். ஷூ, கிங், ஃபிளெக் ஆகியோர் 1999இல் தந்த நாற்கர எலிமென்ட் இந்த வகை: 9 கணுக்களில் இடப்பெயர்ச்சி 18, நான்கு மூலைகளில் சாய்வுகள் 16, ஆக 34 மாறிகளும் 4 பெருக்கிகளும். பெருக்கிக்குப் பதிலாகப் பெனால்டி எண் (கட்டுப்பாடு மீறப்படும் அளவுக்கு ஆற்றலைக் கூட்டும் பெரிய எண்) இட்டால் நிரல் எளிதாகும். ஆனால் அந்த எண் சிறிதானால் கட்டுப்பாடு தளர்ந்து விறைப்பு குறைகிறது, பெரிதானால் அணியின் நிலைமை கெட்டு எலிமென்ட் இறுகிவிடுகிறது. மூன்று வெவ்வேறு பெனால்டி எண்களுக்கு விடை மாறாத இடைவெளியைக் காட்டாமல் எந்த முடிவையும் வெளியிடாதீர்கள். ரூ, ஐஃபான்டிஸ் ஆகியோரின் 1993ஆம் ஆண்டுத் தேற்றம் இன்னும் எளிய ஒரு குறுக்குவழியைத் திறக்கிறது: முதலில் வழக்கமான சிக்கலைத் தீர்த்து, கிடைத்த புலத்தை உள்நீளம் கொண்ட ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாட்டால் மென்மையாக்குவது. விரிசல் முனையின் முடிவிலியை நீக்க அது உதவுகிறது. ஆனால் இரண்டாம் படியில் எந்த எல்லை நிபந்தனை இடுவது என்பது தெளிவில்லாமல் போவதால், அளவு விளைவைத் துல்லியமாக அளக்க நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

மைக்ரோபோலார் எலிமென்ட்டில் தொடர்ச்சிச் சிக்கல் இல்லை, இறுக்கச் சிக்கல் உண்டு. அந்தக் கோட்பாட்டில் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ஓர் இணைப்பு எண், தனிச் சுழற்சி பொருளின் சுழற்சியோடு எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டுள்ளது என்பதைச் சொல்கிறது. அது 1ஐ நெருங்கும்போது இரண்டும் சமமாகியே தீர வேண்டும். இடப்பெயர்ச்சியும் சுழற்சியும் இரண்டுமே நேரியல் என்றால், இடப்பெயர்ச்சியின் சாய்விலிருந்து வரும் சுழற்சி முக்கோணத்துக்குள் மாறிலியாகவும் தனிச் சுழற்சி மாறுவதாகவும் இருக்கும். அவை சமமாக ஒரே வழி, தனிச் சுழற்சி மாறாமல் நிற்பது. அப்போது வளைவே இல்லாமல் போகிறது. இடப்பெயர்ச்சிக்கு இருபடி, சுழற்சிக்கு நேரியல் என்று வைத்தால் இந்த முரண் பெரிதும் தீர்கிறது.

மெஷ் நுணுக்கம் எங்கே தேவை என்பதை உள்நீளமே சொல்கிறது. பிடிப்புகள், கூர்மூலைகள், துளையின் விளிம்பு ஆகிய இடங்களில் ஓர் உள்நீளத்துக்குள் நான்கைந்து எலிமென்ட்டுகளில் தொடங்கி, பாதியாக்கிச் சரிபாருங்கள். மற்ற இடங்களில் அகலமாக விடலாம்.

எல்லை நிபந்தனையை முழு மாதிரியிடம் கேட்டல்

சுதந்திரமான விளிம்புகளைத் தொடாதீர்கள்; ஆற்றலின் வழி எழுதிய சமன்பாட்டில் உயர்வரிசை இழுவை (திரிபுச் சரிவிலிருந்து வரும் விளிம்பு விசை) பூச்சியம் என்பது தானாகவே நிறைவேறும். பிடித்த விளிம்புகளில்தான் முடிவெடுக்க வேண்டும்: இடப்பெயர்ச்சியை மட்டும் நிறுத்துவதா, அதன் செங்குத்துச் சாய்வையும் நிறுத்துவதா? இதற்கு விடை கோட்பாட்டு நூலில் இல்லை, பிடிப்பில் இருக்கிறது. கம்பியின் முனை தகட்டோடு பற்றவைக்கப்பட்டிருந்தால் அது சுழல முடியாது. மைக்ரோபோலார் சுழற்சியைப் பூச்சியமாக்குங்கள். கம்பி கீல்போல் சுழலக்கூடியதானால் விட்டுவிடுங்கள். அரைகுறை ஒட்டலாக இருந்தால், முழு மாதிரியில் பிடிப்பை அடுத்துள்ள முதல் இரண்டு அடுக்குக் கணுக்களின் சுழற்சியை வரைந்து, தொடர்பொருள் மாதிரி (கம்பிகளையும் துளைகளையும் வரையாமல், உள்நீளம் கொண்ட கோட்பாட்டில் தீர்த்த மாதிரி) தரும் சுழற்சியின் மேல் வைத்துப் பாருங்கள். எந்த நிபந்தனை அதன் வடிவத்தைத் தருகிறதோ அதுவே சரி.

உள்நீளத்தைக் கண்டறிதல்

இரண்டு வழிகள் உள்ளன. முழு மாதிரியின் வளைவு வரைபடத்தில் சராசரி வெட்டுத்துண்டிலிருந்து எடுப்பது முதல் வழி. மூன்று கூடுகளுக்குக் குறைந்த புள்ளிகளைப் பொருத்தத்தில் சேர்க்க வேண்டாம். அங்கே தொடர்பொருள் என்ற எண்ணமே தளர்ந்துவிடுகிறது. கிடைத்த உள்நீளத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு சறுக்குப் படலத்தையும் முறுக்கத்தையும் முன்கணியுங்கள். அவை பொருந்தவில்லை என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புது உள்நீளத்தைக் கண்டுபிடிக்கும் ஆசையை அடக்கி, கோட்பாட்டை மாற்றிப் பாருங்கள். மைக்ரோபோலாரில் வளைவுக்கும் முறுக்கத்துக்கும் தனித்தனி உள்நீளங்கள் இருப்பது விதிக்கு உட்பட்டதே; மூன்றாவது சோதனையைக் கொண்டுதான் அவற்றைச் சோதிக்க முடியும்.

இரண்டாவது வழி, ஒரு கூட்டின் மேல் இருபடி இடப்பெயர்ச்சிப் புலத்தை விதித்து, சேமிக்கப்படும் ஆற்றலிலிருந்து சரிவுக் குணகத்தைக் கணிக்கும் ஒருபடித்தாக்கம், அதாவது நுண்கட்டமைப்பை அதற்கு ஈடான சீரான பொருளாக மாற்றுவது. இதில் ஒரு குழி இருக்கிறது. நுண்கட்டமைப்பே இல்லாத சீரான பொருளுக்கு இதைச் செய்தாலும், திரிபு கூட்டுக்குள் நேரியலாக மாறுவதால், யங் குணகத்தைக் கூட்டு நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 12ஆல் வகுத்த ஒரு போலிச் சரிவுக் குணகம் வந்து நிற்கும். நான்கு கூடுகளைச் சேர்த்து ஒரே கூடாக எடுத்தால் அது 16 மடங்காகும். உண்மையான பொருள் மாறிலி நாம் எத்தனை கூடுகளை எடுக்கிறோம் என்பதைச் சார்ந்திருக்கக் கூடாது. ஆகவே இந்தப் பங்கைக் கழித்துவிட வேண்டும். கழித்த பின் சீரான பொருளுக்குப் பூச்சியமும், 1, 2, 4 கூடுகளுக்கு ஒரே எண்ணும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத முறையின் உள்நீளத்தை நான் நம்புவதில்லை.

நம்பும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

ஒழுங்கற்ற மெஷ்ஷில் நேரியல் இடப்பெயர்ச்சியை விளிம்பில் இட்டு, உள்ளே திரிபு மாறிலியாக வருகிறதா என்று பார்ப்பது வழக்கமான துண்டுச் சோதனை. சரிவுக் கோட்பாட்டுக்கு அது போதாது. இருபடி இடப்பெயர்ச்சியையும் இட்டு, சரிவு மாறிலியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். இருபடிப் புலத்தில் வழக்கமான தகைவு இடத்துக்கு இடம் மாறுவதால், அதைச் சமன் செய்யும் பருமவிசையை நீங்களே கணித்து இட வேண்டும். அதை மறந்துவிட்டுச் சரியான எலிமென்ட்டைத் தவறென்று ஒதுக்கியவர்கள் உண்டு. அடுத்து, உள்நீளத்தைப் பூச்சியமாக்கினால் வழக்கமான விடைக்கு நிரல் சீராக இறங்க வேண்டும்.

அதிர்வு, அலை ஆகியவற்றுக்கு இதே மாதிரியைக் கொண்டுசெல்ல நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம நிறைகளைச் சுருள்வில்லால் இணைத்த சங்கிலியின் நீண்ட அலைகளுக்கு, அதிர்வெண்ணின் வர்க்கத்தில் வரும் முதல் திருத்தம், அலையெண்ணையும் நிறைகளின் இடைவெளியையும் பெருக்கி, வர்க்கமாக்கி, 12ஆல் வகுத்ததன் எதிர்மறை. அந்த எதிர்மறைக் குறியை விறைப்பில் நேரடியாக வைத்தால் குறுகிய அலைகள் நிலையற்றுப் பெருகும், வெளிப்படை நேரத் தொகையீடு எவ்வளவு சிறிய படி எடுத்தாலும் சிதறும். அதே திருத்தத்தைச் சடத்துவத்தின் பக்கம் நகர்த்தி, 1உடன் கூட்டி, வகுக்கும் எண்ணாக வைத்தால் நீண்ட அலைகளுக்கு அதே துல்லியமும் குறுகிய அலைகளுக்கு நிலைத்தன்மையும் கிடைக்கின்றன.

கடைசிச் சோதனைக்கு, பொருத்தத்தில் எங்கும் பயன்படுத்தாத ஒரு வடிவம் வேண்டும். வட்டத் துளையுள்ள தகடு நல்லது: வழக்கமான மீட்சியியலில் அகன்ற தகட்டின் துளை விளிம்பில் தகைவு 3 மடங்காகிறது, துளையின் ஆரம் உள்நீளத்தோடு ஒப்பிடத்தக்கதாகும்போது அது 3ஐவிடக் குறைகிறது என்று மிண்ட்லின் 1963இல் காட்டினார். முழு மாதிரியிலும் தொடர்பொருள் மாதிரியிலும் துளையின் ஆரத்தை 10, 6, 4, 2 கூடுகள் என்று குறைத்துக்கொண்டே சென்று, இரண்டும் எங்கே பிரிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரிவு மெஷ்ஷை நுணுக்கமாக்குவதால் குறையாது. அதற்குக் கீழே உள்ள துளைகளைக் கணிக்க வேண்டியிருந்தால், துளையைச் சுற்றி நான்கைந்து அடுக்குக் கூடுகளை முழுமையாக வரைந்து, அவற்றுக்கு வெளியே மட்டும் தொடர்பொருள் எலிமென்ட்டுகளை வைத்து, இணைப்பு விளிம்பில் இடப்பெயர்ச்சியோடு கணுச் சுழற்சியையும் சமமாக்க வேண்டும்.